பண்டிகை நாளிலும் நேரத்துக்குச் சோறு

எங்கள் வீட்டுத் தினசரி காலண்டர் சமையலறை வாசலில் தொங்குகிறது. ஒவ்வொரு தாளிலும் நல்ல நேரத்துக்குக் கீழே பேனாவால் இரண்டு எழுத்து எழுதியிருப்போம்: கா, மா. காலையில் சோறு வைத்தவர் ‘கா’வைச் சுழிக்க வேண்டும், மாலையில் வைத்தவர் ‘மா’வைச் சுழிக்க வேண்டும். கறுப்பன் என்கிற நாய்க்கும் செம்பி என்கிற பூனைக்கும் உரிய கணக்கு அது. தாளைக் கிழிப்பதற்கு முன் இரண்டும் சுழித்திருக்கிறதா என்று பார்ப்பது என் மகளின் வேலை.

இந்தப் பழக்கம் வந்தது 2019 தீபாவளியில். அந்த வருடம் அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் எங்கள் வீட்டில் அன்று 19 பேர். ஏழு வகைப் பலகாரம் சுட்டிருந்தோம். சனிக்கிழமை மாலை நாத்தனார் வைத்திருப்பாள் என்று நான் நினைத்தேன், நான் வைத்திருப்பேன் என்று அவள் நினைத்தாள், கறுப்பனுக்கு யாரும் சோறு வைக்கவில்லை. விடிகாலை நான்கு மணிக்கு எண்ணெய்க் குளியலுக்கு ஆள் ஆளாகக் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தபோது தெருமுனையில் பத்தாயிரம் வாலா வெடித்தது. கதவு திறந்திருந்தது. கறுப்பன் ஓடிவிட்டான். திங்கள்கிழமை காலை வைகைக் கரையோரம் நின்ற ஒரு லாரிக்கு அடியிலிருந்து அவனைத் தூக்கி வந்தோம். முன்னங்காலில் வெட்டு, பசியில் ஒட்டிப்போன வயிறு. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் ஒரு வாய் தொடவில்லை.

அதற்குப் பிறகு நான் பண்டிகையைத் தலைகீழாகத் திட்டமிடத் தொடங்கினேன். முதலில் அந்த இரண்டு ஜீவன்களும் எப்போது சாப்பிடும், எப்போது வெளியே போகும், எப்போது தூங்கும் என்று எழுதுவேன். அந்த நேரங்கள் கெடாதபடி மற்றவற்றை அடுக்குவேன். அதில் இடம் கிடைக்காதது எங்கள் வீட்டில் நடக்காது. இப்படிச் செய்ததில் எங்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்தது. வீட்டில் ஒரு பிராணியும் பண்டிகைக்குக் கூட்டமும் உள்ளவர்களுக்கு உதவும் என்று நாங்கள் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

அன்றாடச் சோறு

அன்றாடம் ஒழுங்காக இருந்தால்தான் பண்டிகை நாளில் எதையாவது காப்பாற்ற முடியும். கறுப்பன் தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய், 18 கிலோ. காலை ஐந்தரைக்கு ஒரு வேளை, மாலை ஆறுக்கு ஒரு வேளை. ஒரு நாள் முழுவதுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் அரிசி, கால் கிலோ எலும்பில்லாத கோழிக்கறி, ஒரு கை நிறையப் பூசணியோ கேரட்டோ. எல்லாவற்றையும் குக்கரில் குழைய வேகவைத்து இரண்டாகப் பிரித்துவிடுவேன். உப்பு, மஞ்சள்தூள், தாளிப்பு எதுவும் கிடையாது. நமக்கு வைத்த குழம்பில் கொஞ்சம் ஊற்றிப் பிசைந்து வைக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கிறது. இரண்டுமே நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை, வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது.

கறியும் சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து போதாது. எங்கள் கால்நடை மருத்துவர் அதற்கு ஒரு மாவு எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் நாயின் எடை, வயதைப் பொறுத்து அளவு மாறும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். இந்த எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தேவைப்படும். சட்டியைக் காலையும் மாலையும் கழுவி நிரப்புங்கள், மேலே மேலே ஊற்றாதீர்கள்.

பூனைக் கணக்கு வேறு. தயிர்ச்சோற்றிலும் பாலிலும் பூனை வளரும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. பூனை இறைச்சி தின்னும் பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். செம்பிக்கு நான்கு சிறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம்: இரண்டு வேளை கடையில் வாங்கும் பூனைத் தீனி, இரண்டு வேளை வேகவைத்த நெத்திலியோ கோழி ஈரலும் சதையும் கலந்ததோ. ஈரல் கொஞ்சமாகத்தான். தண்ணீர்ச் சட்டியைத் தீனித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் மாடிப்படி ஓரம் தள்ளி வைத்ததிலிருந்து அவள் நன்றாகக் குடிக்கிறாள்.

பலகாரத் தட்டில் இருக்கும் ஆபத்து

பண்டிகை நாளில் வெடியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். தட்டைப் பற்றித் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

2021 தீபாவளிக்கு வந்த ஒரு குழந்தை, அன்பாக, கறுப்பனுக்கு ரவா லாடு ஊட்டியது. எத்தனை என்று கேட்டால் மூன்று விரல் காட்டியது. லாட்டில் உலர் திராட்சை போட்டிருந்தேன். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எல்லா நாய்க்கும் அப்படி ஆவதில்லை, ஆனால் எந்த நாய்க்கு ஆகும், எத்தனை பழத்தில் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் ஒன்று தின்றாலும் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நாங்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டோம். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார், இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார், இரத்தம் எடுத்துப் பார்த்தார். பிழைத்துக்கொண்டான். அந்த இரண்டு நாளும் அந்தக் குழந்தை அழுதுகொண்டே இருந்ததாக அதன் அம்மா சொன்னாள். அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. குழந்தைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம்.

வீட்டிலேயே உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், அந்த உப்பே தனி நஞ்சாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள்.

சர்க்கரைப் பொங்கல், பாயசம், கேசரி எல்லாவற்றிலும் இதே திராட்சை வருகிறது. சாக்லேட் நாய்க்கு ஆகாது, கறுப்பு நிறம் கூடக்கூட ஆபத்து கூடும். சர்க்கரையில்லாத மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கிறது, அதுவும் நாய்க்கு நஞ்சு. கறிக்குழம்பில் வெந்த எலும்பு உடைந்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும், தொண்டையிலோ குடலிலோ குத்தும். இலையில் மிச்சமான எலும்பை நாய்க்குப் போடுவது நமக்குப் பழக்கமானதுதான், எங்கள் அத்தைக்கு அதை விட ஒரு வருடம் ஆனது.

‘நாய்க்கு எதுவும் கொடுக்காதே’ என்று சொன்னால் குழந்தைகள் கேட்காது, கொடுப்பது அவர்களுக்கு அத்தனை ஆசை. அதனால் வாசல் திண்ணையில் ஒரு எவர்சில்வர் டப்பா வைக்கிறேன். உள்ளே சுண்டுவிரல் நகமளவு நறுக்கி வேகவைத்த கோழித் துண்டும் கேரட்டும். மூடியில் மகள் கறுப்பனின் முகத்தை வரைந்திருக்கிறாள். வருகிற குழந்தைகளிடம், “கறுப்பன் பலகாரம் இதுதான், ஆளுக்கு இரண்டு” என்று சொல்லிவிடுவோம். அந்த டப்பாவில் இருப்பது அவனுடைய அன்றைய கால் கிலோவிலிருந்து எடுத்ததுதான், கூடுதல் இல்லை. மூன்று வருடமாக வேறு எதுவும் அவன் வாய்க்குப் போகவில்லை.

பண்டிகையைச் சுருக்கியது

புரட்டாசி பிறந்ததும் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் உட்காருவோம். ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆளுக்கு ஒரு கேள்வி: எது இல்லாவிட்டால் உனக்குத் தீபாவளி மாதிரி இருக்காது? ஒன்றுதான் சொல்லலாம்.

முதல் வருடம் கேட்டபோது அத்தை ஏழு பலகாரத்தைச் சொல்வார் என்று பயந்தேன். அவர் சொன்னது மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை என் தலையில் அவர் கையால் வைக்க வேண்டும் என்பது. அப்புறம் லேகியம். “ஏழு பலகாரம் சுட்டாத்தான் தீபாவளின்னு நான் எப்பம்மா சொன்னேன்?” என்றார். உண்மையில் அவர் சொன்னதே இல்லை. பல வருடமாக அவருக்காக என்று நானும், எனக்காக என்று அவரும் இடுப்பு வலிக்கச் சுட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரருக்கு விடிகாலை இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். மகளுக்குத் தேன்குழல். மகனுக்கு வெடி. எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரத் தூக்கம், யாரும் எழுப்பக்கூடாது.

இந்த ஐந்து மட்டும் நோட்டில் ஏறும். மற்றதெல்லாம் முடிந்தால் பார்க்கலாம். 22 வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொடுத்ததை ஆறு வீடாக்கினோம். மற்ற வீடுகளுக்குத் தீபாவளி கழிந்த ஞாயிறுகளில் நேரில் போய்ப் பேசிவிட்டு வருகிறோம். துணிக்கு ஐப்பசியில் விளக்குத்தூண் கடைத்தெருக் கூட்டத்தில் நசுங்குவதில்லை, ஆவணிக் கடைசியிலேயே வாங்கி பீரோவில் வைத்துவிடுகிறேன். வெளியூர்ச் சொந்தங்கள் வருவதை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. பாதிப் பேர் தீபாவளிக்கு, பாதிப் பேர் பொங்கலுக்கு என்று நாத்தனார் தொலைபேசியில் எல்லாரிடமும் பேசிப் பிரித்துவிட்டாள். யாரும் வருத்தப்படவில்லை, இரண்டு தடவையும் ஆற அமரப் பேச முடிகிறது.

பலகாரம் மூன்று. தேன்குழலுக்கு நான்கு பங்கு பச்சரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு, சீரகம், வெண்ணெய். பத்து நாள் முன்னால் சுட்டுக் காற்றுப் புகாத டின்னில் போட்டால் மொறுமொறுப்பு போகாது. அதிரசத்துக்கு ஒரு கிலோ ஈர அரிசி மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகில் கிளறிய மாவை இரண்டு நாள் மூடி வைத்து, முந்தைய நாள் காலையில் தட்டிவிடலாம். மூன்றாவது ரவா லாடு, இப்போது முந்திரி மட்டும். முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. இது எங்கள் வீட்டில் கண்டிப்பு. எண்ணெய்ச் சட்டியும், பயந்து ஓடுகிற நாயும், ஓடியாடுகிற குழந்தைகளும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடாது.

ஒட்டடை அடிக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். அலமாரியில் போடும் அந்துருண்டை நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு, பதிலாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் கட்டிப் போடுகிறேன். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடக்கும் பூனை அப்புறம் பாதத்தை நக்கும். வெறும் தண்ணீரால் இன்னொரு தடவை துடைத்து, தரை காய்ந்த பிறகு செம்பியை உள்ளே விடுவோம்.

சத்தத்துக்குப் பழக்குவது

நவராத்திரி முடிந்ததும் தொடங்கிவிடுவேன். கைபேசியில் வெடிச்சத்தப் பதிவு ஒன்று இருக்கிறது. கறுப்பன் சாப்பிடும்போது பக்கத்து அறையிலிருந்து மிகக் குறைந்த ஒலியில் ஐந்து நிமிடம் போடுவேன். காதை ஒரு தடவை அசைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர வேண்டும், அந்த அளவுதான். தலையைத் தூக்கிச் சாப்பிடுவதை நிறுத்தினால் ஒலி அதிகம், மறுநாள் குறைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒரு புள்ளி கூட்டலாம். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும், நாய்க்கு அதைப்போல இரு மடங்குக்கும் மேல் கேட்கும். நமக்கு ‘சும்மா சின்ன வெடி’ என்பது அவனுக்கு அப்படி இல்லை. இந்தப் பயிற்சியால் பயம் முழுக்கப் போய்விடவில்லை, கறுப்பன் இப்போதும் நடுங்குகிறான். ஆனால் ஓடப் பார்ப்பதில்லை.

மிகவும் பயப்படுகிற நாயாக இருந்தால் ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் தொடாதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை போனாலும் உயிர் போகும்.

தீபாவளிக்கு ஏழு நாள் இருக்கும்போது காலைச் சோற்றை நாளுக்குக் கால் மணி நேரம் முன்னால் நகர்த்துவேன். ஐந்தரை, ஐந்தே கால், ஐந்து என்று வந்து அன்று மூன்றே முக்காலில் நிற்கும். 2018-இல் உச்ச நீதிமன்றம் வெடிக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்த பிறகு தமிழ்நாட்டில் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று நேரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் முதல் வெடி நான்குக்குக் கேட்டுவிடும். பயந்த நாய் சாப்பிடாது, வெளிக்கும் போகாது. அதனால் இரண்டும் அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

மகனின் வெடி பற்றிச் சொல்ல வேண்டும். அவனை நான் தடுக்கவில்லை. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாயில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஒரு மழைக்காலத்தில் அவனை அங்கே கூட்டிப்போய்க் காட்டினோம், நத்தைக்குத்தி நாரைகள் மரம் நிறைய உட்கார்ந்திருந்தன. திரும்பி வரும்போது பேருந்தில், “கறுப்பனும் அப்படித்தானேம்மா” என்றான். அந்த வருடத்திலிருந்து அவன் பட்டியலில் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்கு சக்கரம் மட்டும். இரவு ஏழு மணிக்குத் தெருக்கோடியில் நண்பர்களோடு.

அந்தக் காலை

முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கே கறுப்பனை நீண்ட நடைக்குக் கூட்டிப் போவார் வீட்டுக்காரர், ஒரு மணி நேரம். களைப்பு பயத்தைக் குறைக்கும். கழுத்துப்பட்டையில் எங்கள் கைபேசி எண் தைத்திருக்கிறது, அது அழியாமல் இருக்கிறதா என்று அன்று பார்ப்போம். செம்பியை அந்த மாலையே உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். அவளுக்குப் பரண்மேல் ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே என் பழைய பருத்திச் சேலை, கீழே மணல் தட்டு. பூனையைத் தேடிப் போய்த் தூக்கிச் சமாதானம் செய்ய வேண்டாம், உயரமும் இருட்டும் கிடைத்தால் போதும்.

மறுநாள் மூன்றரைக்கு எழுந்து நானே கறுப்பனைத் தெருவில் ஐந்து நிமிடம் விட்டு வருவேன், சங்கிலியோடுதான். மூன்றே முக்காலுக்குச் சோறு. ‘கா’வைச் சுழித்துவிட்டு அவனை நடு அறையில் விடுவேன். தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத அறை அது. மின்விசிறி முழு வேகத்தில், வானொலியில் நாதஸ்வரம், கட்டிலுக்கு அடியில் அவன் சாக்கு. உள்ளே சங்கிலி போடக்கூடாது. பயத்தில் இழுத்துச் சுற்றிக் கழுத்து இறுகிய நாய்களைப் பற்றி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறைக்கதவைச் சாத்திய பிறகுதான் வாசல் கதவு திறக்கும். இரண்டு கதவில் ஒன்று எப்போதும் மூடியிருக்கும் என்பதை வந்தவர்கள் அனைவரிடமும் சொல்கிறேன், கதவில் தாளும் ஒட்டுகிறேன்.

அப்புறம் எங்கள் முறை. அத்தை மனையில் உட்கார வைத்து ஒவ்வொருவர் தலையிலும் எண்ணெய் வைப்பார். சீயக்காய், வெந்நீர், புதுத்துணி, சுண்டைக்காய் அளவு லேகியம். லேகியத்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை இடித்து வெல்லப்பாகில் கிளறி நெய்யும் தேனும் சேர்ப்பதை அத்தை நான்கு நாள் முன்பே முடித்திருப்பார். கறி முந்தைய நாள் சொல்லி வைத்தது, வீட்டுக்காரர் நாலரைக்குப் போய் வாங்கி வருவார், எட்டுப் பேருக்கு ஒன்றரைக் கிலோ. இட்லி மாவு தயார். ஏழு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம்.

எங்களில் ஒருவர் முறை வைத்துக் கறுப்பனோடு அறையில் இருப்போம். பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், அப்படி இல்லை. அவன் வந்து ஒட்டினால் தடவுங்கள், கட்டிலுக்கு அடியிலேயே இருந்தால் இழுக்காமல் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். போன தீபாவளியில் அத்தை குளித்து முடித்து ஈரத்தலையோடு அங்கே உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். கறுப்பனின் மூக்கு மட்டும் கட்டிலுக்கு வெளியே, அவர் காலைத் தொட்டபடி.

மாலைச் சோறு ஐந்தே காலுக்கு. விளக்குகளைத் தரையில் வைக்காமல் மதில்மேல் வைப்போம், பூனை வால் பட்டுத் தட்டிவிட்ட அனுபவம் உண்டு. எட்டரைக்குச் சத்தம் ஓய்ந்ததும் மகன் வாசலைக் கூட்டுவான். வெடித்த தாளிலும் வெடிக்காத மருந்திலும் பேரியம் உப்பு போன்ற நஞ்சுகள் இருக்கலாம், நாய் முகர்ந்து நக்கிவிடும். கூட்டி, தண்ணீர் தெளித்து, குப்பையைச் சாக்கில் கட்டி வைத்த பிறகுதான் கறுப்பன் வெளியே வருவான். அன்றும் மறுநாளும் சங்கிலியை விடாதீர்கள். மிச்ச வெடி எந்தப் பையன் கையில் இருக்கும் என்று தெரியாது.

மறுநாளிலிருந்து காலைச் சோற்றைக் கால் மணி நேரமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போவேன். ஒரு வாரத்தில் ஐந்தரைக்கு வந்துவிடும். செம்பி பரணிலிருந்து இறங்க எப்படியும் இரண்டு நாள் ஆகும், தட்டை மேலேயே வைத்துவிடுவோம்.